பிராஸ்டேட் புற்றுநோய்: புரோட்டான் சிகிச்சையும் பிந்தைய கண்காணிப்பும்

கேள்வி (தக்கலை)

எழுபதை நெருங்கும் என் அப்பாவுக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது பயாப்சியில் (சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) உறுதியாகியுள்ளது. இரத்தத்தில் பார்க்கும் பிராஸ்டேட் புரதமான பி.எஸ்.ஏ. 13, நோயின் வீரியத்தைக் காட்டும் க்ளீசன் மதிப்பு 7, எலும்புக்குப் பரவவில்லை. கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்கிறார் மருத்துவர். வளைகுடாவில் இருக்கும் அத்தான், சென்னைக்குப் போய், எக்ஸ் கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைப் பாய்ச்சும் புரோட்டான் சிகிச்சைதான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். அப்பாவோ திருவனந்தபுரத்தைத் தாண்டிப் போக விரும்பவில்லை. புரோட்டான் சிகிச்சை பெற்றவர்கள், ஊர் திரும்பிய பிறகு நோயை எப்படிக் கண்காணித்து வருகிறீர்கள் என்று எழுதினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் (கருங்கல், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தம்பி, 2019-இல் தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் திறக்கப்பட்ட பின், அங்கு சிகிச்சை பெற்றவன் நான். சுரப்பி இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காண முதலில் சிறு தங்கத் துகள்களைப் பதித்தார்கள். ஒவ்வொரு நாளும் மலக்குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை அளவாக நிரம்பியும் இருக்க வேண்டும். இதில் கவனம் தவறினால் அன்றைய சிகிச்சை தள்ளிப்போகும். கதிர் பாயும்போது வலியோ சூடோ தெரியாது. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்தது. சில மாதங்களில் அது தணிந்தது.

உண்மையில் மனம் தளர்ந்தது சிகிச்சையின்போது அல்ல, அதற்குப் பிறகுதான். நன்றாக இறங்கி வந்த பி.எஸ்.ஏ. இரண்டாம் ஆண்டில் சற்று ஏறியபோது, நோய் திரும்பிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் கலங்கினோம். கதிர்வீச்சுக்குப் பின் இப்படி ஓர் ஏற்றம் வந்து தானே இறங்குவது உண்டு என்று மருத்துவர் சொல்லி, பொறுத்திருந்து மறுபடி பார்க்கச் சொன்னார். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நாகர்கோவிலில் ஒரே ஆய்வகத்தில்தான் இரத்தம் கொடுக்கிறேன். ஆய்வகம் மாறினால் அளவிடும் கருவியும் முறையும் மாறக்கூடும் என்பதால், முடிவுகளை ஒப்பிடுவது கடினமாகிவிடும்.

பதில் (நாகர்கோவில், கதிர்வீச்சுத் துறையில் பணிபுரிபவர்)

ஐயா எழுதியதோடு துறை சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன். எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறும்; புரோட்டானோ குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் கொட்டி நின்றுவிடுகிறது. குழந்தைகளுக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கும் இது பெரிய வரம். ஆனால் பிராஸ்டேட்டை ஒட்டியே மலக்குடல் இருப்பதாலும், வாயுவுக்கும் சிறுநீரின் அளவுக்கும் ஏற்பச் சுரப்பி நகர்வதாலும், சுற்றிலும் உள்ள சிறிது இடத்தையும் சேர்த்தே கதிரைப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. அதனால் அந்த நன்மையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் 450 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு 2024-இல் முடிவு வெளியான பார்டிகோல் ஆய்வில், புரோட்டானுக்கும் ஐ.எம்.ஆர்.டி. எனப்படும் நவீன எக்ஸ் கதிர் சிகிச்சைக்கும் இடையே குடல் தொந்தரவிலோ நோய்க் கட்டுப்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. செலவோ பல மடங்கு அதிகம். ஆகவே திருவனந்தபுரத்தில் ஐ.எம்.ஆர்.டி. எடுத்துக்கொண்டால் அப்பாவுக்குக் குறை வைத்துவிட்டதாக நீங்கள் வருந்த வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

பி.எஸ்.ஏ. தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமோ அதற்கு மேலோ உயர்ந்தால்தான், நோய் திரும்பியிருக்கலாம் என்று கருதி அடுத்த ஆய்வுகளுக்குப் போவார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசியும் போடுவதாக இருந்தால், ஊசியின் விளைவு நீங்கி டெஸ்டோஸ்டிரோன் மீளும்போதும் பி.எஸ்.ஏ. சிறிது ஏறலாம். ஆகவே ஒவ்வொரு பி.எஸ்.ஏ. முடிவுக்கும் அருகில் ஊசி போட்ட தேதியையும் குறித்து வையுங்கள்.

பதில் (மார்த்தாண்டம்)

என் கணவருக்கு எக்ஸ் கதிர் சிகிச்சைதான் கொடுத்தார்கள். முடிந்து ஓராண்டுக்குப் பின் மலத்தில் இரத்தம் கண்டது. பக்கத்தில் காட்டிய மருத்துவமனையில் மலக்குடலில் பயாப்சி எடுக்கவே ஏற்பாடாகிவிட்டது. கதிர்வீச்சு கொடுத்த மருத்துவரைத் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் அது நின்றது. கதிர்பட்ட மலக்குடலின் முன்சுவரில் சதை எடுத்தால் புண் ஆறாமல் துளை விழும் ஆபத்து உண்டு என்று அவர் விளக்கினார். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் வேறு காரணம் இல்லை என்று பார்த்துக்கொண்டார்கள். இரத்தப்போக்கு மருந்திலேயே நின்றுவிட்டது. எந்தச் சிகிச்சையானாலும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை அப்பா எந்த மருத்துவரிடம் போனாலும் கையோடு கொண்டு போகட்டும். கதிர்வீச்சு பெற்றவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.