முதல் டிரையத்லான்: காகிள்ஸ் ஒழுகுது, சூட் அளவு குழப்புது. எதை வாங்க, எப்படிப் பொருத்த?

மருதூர்க்கால்:
எல்லாருக்கும் வணக்கம். ஆத்துலயும் கிணத்துலயும் நீந்திப் பழகுன ஆள், வயசு 34. மூணு மாசமா பாளையங்கோட்டையில 25 மீட்டர் குளத்துல ஃப்ரீஸ்டைல் பழகுதேன். 30 நீளம் நிக்காமப் போக முடியுது. அடுத்தது ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லான்: 750 மீட்டர் கடல் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

சந்தேகமெல்லாம் சாமான்லதான். காகிள்ஸ்ல வலது கண்ணு மூக்குப் பக்கமா தண்ணி ஏறுது, இறுக்கினா இன்னும் ஏறுது. பத்து நீளத்துல பனி மூடிருது. கண்ணுக்கு பவர் -2.75, கொஞ்சம் சிலிண்டரும் (சிதறல் பார்வைக்கான பவர்) உண்டு. தெரிஞ்சவர் ஒருத்தர் 3 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்குத ரப்பர் உடுப்பு) பழசு ஒண்ணு தாரேங்கார், வாங்கலாமா? மூணுக்கும் மாத்தாமப் போடுத டிரைசூட்ல எம்மா எல்லா? வீட்டுல அவங்களும் அடுத்த வருசம் வாரேன்னு சொல்லுதாங்க. நீளமான முடி, உடம்பு மூடின உடுப்பு வேணும். அதுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

நாலாம்லேன்:
காகிள்ஸை மட்டும் நான் எடுத்துக்கிடுதேன். பாதிப் பேருக்கு முதல் போட்டி அங்கதான் கெடும்.

ஒழுகுதுன்னா உடனே இறுக்கதுதான் எல்லாரும் செய்யுத தப்பு. ஸ்ட்ராப் ரெண்டு கண்ணாடியையும் காதுப் பக்கமா இழுக்கு. வெளி ஓரம் அழுந்த அழுந்த, மூக்கை ஒட்டின உள் ஓரம் தூக்கும். உங்களுக்கு இறுக்கினா அதிகமா ஏறுதுன்னா மூக்குத்துண்டு (ரெண்டு கண்ணாடியையும் மூக்கு மேல இணைக்குத துண்டு) சரியில்லைன்னு அர்த்தம்.

இப்படிப் பாருங்க. முகத்தைக் கழுவித் துடைங்க. ஸ்ட்ராப்பை மாட்டாம, முன்னால தொங்கவிட்டு, கண்ணாடியைக் கண்குழியில வச்சு ரெண்டு விரலால லேசா அழுத்திக் கையை எடுங்க. தானா மூணு நொடி ஒட்டி நிக்கணும். கையை எடுத்ததுமே விழுந்துட்டா அந்த மாடல் உங்க முகத்துக்கு ஆகாது. ஒரு கண் நின்னு மத்தது விழுந்தா மூக்குத்துண்டை மாத்தலாம். நல்ல காகிள்ஸ்ல சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு துண்டு கூடவே வரும். துண்டு நீளமா இருந்தா மூக்கோரம் இடைவெளி விழும். குட்டையா இருந்தா மூக்கெலும்புல ஏறி உக்காந்து வலிக்கும், வெளி ஓரம் கிளம்பும்.

ஸ்ட்ராப் காதுக்கு மேல, பின்மண்டை துருத்துத இடத்துக்கு வரணும். ரெட்டை ஸ்ட்ராப்னா ரெண்டையும் ஒண்ணா ஒட்டவிடாம ரெண்டு விரல்கடை பிரிச்சு வைங்க. கழட்டி அரை மணி நேரம் கழிச்சும் கண்ணைச் சுத்தி வளையம் கெடந்தா இறுக்கம் கூடுதல். இன்னொண்ணு, தொப்பி விளிம்போ புருவத்து முடியோ ரப்பருக்கு அடியில ஒரு மயிரிழை மாட்டினாலும் போதும், தண்ணி ஏறிரும்.

பனி மூடுததுக்குக் காரணம் முகச் சூடு. ஓடிட்டு வந்து வேர்த்த முகத்துல மாட்டினா, உள்ள இருக்க ஈரக்காத்து கண்ணாடியில படிஞ்சிரும். முகத்தை ஒரு நிமிசம் தண்ணியில முக்கி ஆறவச்சு, அப்புறம் மாட்டுங்க. புதுக் கண்ணாடியோட உள்பக்கத்துல விரலே படக்கூடாது, பனி தடுக்குத பூச்சு அங்கதான் இருக்கு. நீங்க துண்டால துடைச்சு அது போயிருந்தா, குழந்தைக்குப் போடுத ஷாம்பு ஒரு துளி விட்டுப் பரப்பி, ஒரே தடவை தண்ணியில அலசுங்க. அலசாம விட்டா கண்ணு எரியும், அதிகம் அலசினா பயன் இல்ல.

பவருக்கு: ரெடிமேட் பவர் காகிள்ஸ் பெரும்பாலும் 0.5 இடைவெளியில வரும், சிலிண்டர் கிடையாது. -2.75-க்கு -2.5 எடுங்க, கடல்ல வழி காட்டுத மிதவை தெரிஞ்சா போதும். சிலிண்டர் -0.5-க்கு மேல இருந்தா அதுல பாதியைக் கூட்டி -3.0. ரெண்டு கண்ணுக்கும் வேற வேற பவர்னா, கண்ணாடியைத் தனித்தனியா விக்கிற மாடல் பாருங்க. கான்டாக்ட் லென்ஸோட மட்டும் எந்தத் தண்ணியிலயும் இறங்காதீங்க. அகாந்தமீபான்னு ஒரு கிருமி குளம், ஆறு, குழாய்த் தண்ணி எதுலயும் இருக்கும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவுல மாட்டினா பார்வைக்கே ஆபத்து.

கிணத்துப் பழக்கம் உள்ளவர்ங்கதால ஒரு எச்சரிக்கை: இந்தக் காகிள்ஸோட மேலயிருந்து குதிச்சு ஆழத்துக்குப் போகாதீங்க. மூக்கு வெளியில இருக்கதால உள்ளே காத்து ஊதிச் சமன் பண்ண முடியாது. கீழ போகப் போக கண்ணை உறிஞ்சி ரத்தம் கட்டிரும்.

காத்தாடிக்காடு:
வெட்சூட் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. உலக டிரையத்லான் அமைப்பு விதிப்படி, 1500 மீட்டர் வரைக்கும் உள்ள நீச்சலுக்கு தண்ணி 22 டிகிரிக்கு மேல இருந்தா நம்மள மாதிரி வயதுப்பிரிவுக்காரங்களுக்கு வெட்சூட் அனுமதி கிடையாது. நம்ம கடல் தண்ணி மார்கழியிலயும் அந்த அளவுக்கு இறங்காது. போட்டா உடம்புச் சூடு வெளியேற வழியில்லாம மயக்கம்தான் வரும். அதுலயும் பழசா 3 மில்லிமீட்டர்ல கிடைக்கது அநேகமா அலைச்சறுக்குக்காரங்க சூட். தோள் விறைச்சு நிக்கும், கை சுத்தாது. வெட்சூட் காலை மிதக்கவிடுதேன்னு ஆசைப்பட்டா, அது உங்க இடுப்பு இறங்குதுன்னுதான் அர்த்தம். தொடைக்கு நடுவுல புல் பாய்ங்குத மிதக்குத நுரைக்கட்டையை வச்சு நாலு நீளம், எடுத்துட்டு நாலு நீளம் போங்க. எவ்வளவு இறங்குதுன்னு தெரிஞ்சிரும்.

டிரைசூட்டுக்கு வாரேன். இடுப்பளவை மட்டும் பார்த்து வாங்காதிய. ஒத்தைத்துண்டு சூட்டுக்கு உடல் நீளம்தான் முக்கியம். இடுப்பும் நெஞ்சும் எம்முக்கும் எல்லுக்கும் நடுவுல விழுந்தா, உடம்பு நீளமான ஆளு எல், காலு நீளமான ஆளு எம். கடையில போட்டு நிமிந்து நிக்கையில தோள்ல லேசா இழுக்கணும். சைக்கிள் மேல குனியுத மாதிரி வளைஞ்சா அந்த இழுப்பு போயிரணும். ரெண்டு கையையும் காதோட ஒட்டித் தூக்கி, இருபது தடவை நீந்துத மாதிரி சுத்துங்க. கவட்டையில பிடிச்சா சின்னது. முதுகு அடிப்பக்கம் துணியைக் கிள்ளினா ஒரு விரல்கடைக்கு மேல வந்தா பெருசு. நனைஞ்சா துணி இன்னும் நெகிழும், கழுத்து வழியா தண்ணி பூந்து முதுகு பலூன் மாதிரி உப்பும். கடையில "கொஞ்சம் டைட்டு"ன்னு தோணுததுதான் சரியான அளவு.

உக்காருத இடத்துல உள்ள பேடு மெல்லிசா இருக்கணும். சைக்கிள்காரங்க போடுத தோள்வார் வச்ச பிப் ஷார்ட்ஸோட நீந்துதவங்க உண்டு. அந்தத் தடிச்ச பேடு தண்ணி குடிச்சு, ஓடும்போது ஈரத்துணி மூட்டை மாதிரி தொங்கும். பின்பாக்கெட்டுல நீச்சல்போது ஒண்ணும் வைக்காதிய. முன் ஜிப்பை மேலே வரை இழுத்து, இழுக்குத நாக்கை மடிச்சு உள்ளே விடுங்க, இல்லன்னா தாடை அறுக்கும்.

டிரைசூட்டைப் போட்டு தினமும் குளத்துல நீந்தினா குளோரின்ல லைக்ரா செத்துப்போயிரும். பழக்கத்துக்கு பாலியஸ்டர் ஜாமர் (முட்டி வரைக்கும் வார இறுக்கமான நீச்சல் டிரவுசர்) போதும். டிரைசூட் போட்டிக்கும் அதுக்கு முந்தி மூணு நாலு ஒத்திகைக்கும். நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்க. காகிள்ஸை ஸ்கூட்டர் டிக்கியில சித்திரை வெயில்ல விட்டுராதிய.

உவரிக்கரை:
ரெண்டு பேரும் குளத்தை வச்சே பேசிட்டீங்க. கடல்ல வேற கணக்கு.

நம்ம கரை கிழக்கு பார்த்தது. காலையில ஆறு, ஆறரைக்கு இறங்கினா, வெளியே போகையில சூரியன் நேர் கண்ணுல நிக்கும். வெள்ளைக் கண்ணாடி போட்டா மிதவையே தெரியாது. புகைநிறமோ மிரர் பூச்சோ உள்ளது வேணும். மேகம் மூடின நாளைக்கு வெள்ளையும் ஒண்ணு பையில கெடக்கட்டும். திரும்பி வரும்போது கரையில உசரமா ஒண்ணைப் பிடிச்சுக்கிடுங்க. திருச்செந்தூர்னா கோபுரம், மணப்பாடுன்னா மணல்மேட்டு மேல உள்ள சிலுவைக் கோயில். தலையைத் தூக்கிப் பார்க்கணும்னு கழுத்தை நிமித்தாதீங்க. முதலை மாதிரி கண்ணு மட்டும் தண்ணிக்கு மேல வரட்டும், அப்படியே பக்கவாட்டுல மூச்செடுங்க. தலை உசந்தா இடுப்பு இறங்கிரும், காகிள்ஸ்லயும் அடி ஓரமா தண்ணி ஏறும்.

தொப்பி ஆரஞ்சு, ரோஸ், பளிச்சுன்னு கிளிப்பச்சை. நீலமும் வெள்ளையும் அலை நுரையில மறைஞ்சிரும், படகுக்காரருக்குத் தெரியாது. பழக்கத்துக்குப் போகையில இடுப்புல கட்டுத மிதவைப் பை கட்டாயம். ரெண்டு அறை உள்ளதா வாங்குங்க, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். கயிறு நீட்டி மிதவை பாதத்துக்குப் பக்கம் வரட்டும். குட்டையா இருந்தா கை இடிக்கும். வார்ல ஒரே அமுக்குல கழலுத பக்கிள் இருக்கணும். ஆத்துல அமலைச்செடியிலயோ முள்ளுலயோ கயிறு சிக்கினா உடனே விடணும். மிதவை இருக்குன்னு அணைக்கட்டு மதகுப் பக்கம் போயிராதீங்க, அந்த இழுப்புக்கு எந்தப் பையும் பதில் சொல்லாது.

ஆனி, ஆடியில கச்சான்ங்குத மேல்காத்து அடிக்கும்போது கரையோரம் தண்ணி தகடு மாதிரி கெடக்கும். அதை நம்பாதீங்க. காத்து கரையிலருந்து கடலைப் பார்த்துத் தள்ளுது. முழுசா ஊதின மிதவை அந்தக் காத்துல பாய் மாதிரி வேலை செய்யும். அன்னைக்குக் கரைக்கு இணையா, இடுப்பளவு ஆழத்துல நீந்தினா போதும்.

போட்டியில மிதவைப் பை, கைத்துடுப்பு, புல் பாய், ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) எதுவும் கூடாது. அதனால அதுகள்லயே சாய்ஞ்சு பழகாதீங்க.

செம்பருத்தி:
மதினிக்கு நான் சொல்லுதேன். நீள முடியை உச்சியில கொண்டை போட்டா தொப்பி கூம்பா நின்னு வழுக்கிக் கழலும். முடியை நனைச்சு, தளர்வா பின்னி, பின்மண்டைக்குக் கீழ தட்டையாச் சுருட்டி ஊக்கு இல்லாம ரப்பர்ல கட்டச் சொல்லுங்க. ஹேர்பின் தொப்பியைக் கிழிச்சிரும். காகிள்ஸ் ஸ்ட்ராப் கொண்டைக்கு மேல உக்காரணும். நீள முடிக்குன்னே பின்பக்கம் இடம் விட்ட சிலிக்கான் தொப்பி வருது, அதுதான் சரி. லேட்டக்ஸ் மெல்லிசு, முடியைப் பிடுங்கும். அதோட முக்கியமான விசயம், எண்ணெய். தேங்காயெண்ணெய் தடவின தலையில லேட்டக்ஸ் சீக்கிரமே பிசுபிசுத்துக் கிழியும். சிலிக்கான் கிழியாது, ஆனா வழுக்கிக் கழலும். நீச்சலுக்கு முந்தின நாளே தலைக்குக் குளிச்சு எண்ணெயை எடுத்துரணும்.

மூடின உடுப்பு: பழக்கத்துக்கு மணிக்கட்டு, கணுக்கால் வரைக்கும் பாலியஸ்டர்ல எதையும் போடலாம், கடல்ல சொறிமீன் தீண்டாம இருக்கவும் உதவும். போட்டிக்கு வெட்சூட் இல்லாத நீச்சல்ல முழங்கைக்குக் கீழயும் முட்டிக்குக் கீழயும் மூடக்கூடாதுன்னு பொதுவிதி. அரைக்கை வச்ச, முட்டிக்கு மேல நிக்குத சூட் தாராளமாக் கிடைக்கும். அதுக்கு மேல மூடணும்னா பதிவு பண்ணும்போதே நடத்துதவங்கட்ட எழுதிக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கிடணும். உள்ளே போடுதது கொக்கியில்லாத பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ் பிரா. பருத்தி தண்ணி குடிச்சுக் கனத்து, வாரு தோளை அறுக்கும். சைக்கிள்லயும் காயாது.

மருதூர்க்கால்:
நாலாம்லேன் சொன்னபடி ஒட்டிப் பார்த்தேன். இடது நிக்கு, வலது ஒரு நொடியில விழுது. சின்ன மூக்குத்துண்டு மாட்டினதும் ரெண்டும் நிக்கு. தொப்பி ரெண்டு போட்டு நடுவுல காகிள்ஸ் ஸ்ட்ராப்பை வைக்கச் சொல்லுதாங்களே, செய்யலாமா? போட்டியன்னைக்கு எந்த வரிசையில போட?

நாலாம்லேன்:
ரெண்டு தொப்பி குளிர் தண்ணிக்குச் சரி. நம்ம ஊர்ல ரெண்டு சிலிக்கான் போட்டா தலை வெந்துரும். காகிள்ஸை வெறுந்தலையில மாட்டி, போட்டிக்காரங்க தார ஒரே தொப்பியை ஸ்ட்ராப்புக்கு மேல இழுத்துவிடுங்க. யாராவது காலால உதைச்சாலும் கழுத்துக்கு இறங்கும், கடலுக்குப் போகாது.

காத்தாடிக்காடு:
அதுல எனக்குச் சம்மதமில்ல. வெறுந்தலையில ஸ்ட்ராப் வழுக்கும், முடியையும் இழுக்கும். உள்ளே மெல்லிசு லேட்டக்ஸ் ஒண்ணு, மேல போட்டித் தொப்பி. 750 மீட்டருக்கு ஒண்ணும் வெந்துராது. குளத்துல ரெண்டு விதமும் செஞ்சு பார்த்து முடிவு பண்ணுங்க.

வரிசை இதுதான். சூட்டை உடம்பு காய்ஞ்சிருக்கையில, தொடையில சுருக்கமில்லாம ஏத்தி, அப்புறம் தோள். சன்ஸ்கிரீனை நெத்தியிலயும் கண்ணைச் சுத்தியும் தடவாதிய, ரப்பர் வழுக்கிரும். காகிள்ஸ், தொப்பி மாட்டி முடிச்சபிறகுதான் கழுத்து, அக்குளுக்கு வாசலின். அந்த விரலால கண்ணாடியைத் தொட்டா அன்னைக்கு நீச்சல் பூரா மங்கல்தான். நேரம் பார்க்குத சில்லு இடது கணுக்கால்ல. வலது பக்கம் செயின் இருக்கு, உரசும். அந்த வாருக்கு அடியிலயும் துளி வாசலின் வைங்க. உப்புத்தண்ணியோட 20 கிலோமீட்டர் மிதிச்சுட்டு ஓடுதப்போ முதல்ல புண்ணாகுத இடம் அதுதான்.