பின்பால் போர்டில் பேட்டரி கசிந்ததைப் பற்றிப் பலர் எழுதிய அனுபவங்கள்: எங்கே அரிக்கும், எப்படி மீட்பது?

பாலி நிறுவனத்தின் −35 எம்பியு போர்டிலிருந்து (மெஷினின் மூளையான சிபியு இருக்கும் போர்டு) தொடங்குகிறேன். 1977 முதல் 80களின் நடுப்பகுதி வரை வந்த பாலி மெஷின்களில் −17 அல்லது −35 போர்டுதான் இருக்கும். ஸ்டெர்ன் நிறுவனத்தின் எம்பியு-100, 200 போர்டுகளும் இதே அமைப்புதான். மெஷின் அணைந்திருக்கும்போது ஸ்கோரையும் செட்டிங்கையும் நினைவில் வைக்க, 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்தால் முதலில் அடிவாங்குவது பக்கத்தில் இருக்கும் ரீசெட் பகுதியும் (பவர் சீரானதும் சிபியுவை ஓட விடும் சர்க்யூட்) ஜே4 பவர் கனெக்டரும்.

பவர் போட்டதும் போர்டில் இருக்கும் எல்இடி அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், சிபியு ஓடவே இல்லை. ரோம் கெட்டுப்போனது என்று சிப்பை மாற்றத் தொடங்கிவிடாதீர்கள். சிபியு சிப்பான யு9இன் 40ஆவது பின்னில் மீட்டரை வையுங்கள். பவர் வந்து ஒரு நொடிக்குள் அங்கே 5 வோல்ட் ஏற வேண்டும். ஏறாமல் தரையிலேயே கிடந்தால் ரீசெட் பகுதியைத்தான் சந்தேகப்பட வேண்டும்: கியூ1, கியூ5 (இரண்டும் 2என்3904), கியூ2 (2என்4403), விஆர்1 என்ற 8.2 வோல்ட் ஜீனர், கூடவே இருக்கும் ரெசிஸ்டர்கள். ரெசிஸ்டர் வெளியே பளபளவென்று இருக்கும். கால் உள்ளே அரித்துத் தனியாக வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகச் சோதித்து நேரத்தை வீணாக்காமல் அந்தப் பகுதி முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போடுவதே சரி.

பெஞ்சில் சோதிக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இந்த ரீசெட் சர்க்யூட் 12 வோல்ட் வரியைப் பார்த்துத்தான் சிபியுவை விடுவிக்கும். வெறும் 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் நல்ல போர்டும் செத்த போர்டு மாதிரியே நிற்கும்.

எல்லாம் சரியானால் எல்இடி ஒருமுறை மினுக்கிவிட்டு ஏழுமுறை எரியும். ஒவ்வொரு எரிதலும் தேறிய ஒரு சோதனை: 1 ரோம், 2 யு7 ரேம், 3 யு8இல் இருக்கும் 5101 (பேட்டரி காக்கும் ரேம்), 4 யு10, 5 யு11 (இரண்டும் உள்ளீடு-வெளியீட்டுச் சிப்கள்), 6 யு12 டைமர், 7 ஜீரோ கிராசிங் (ஏசி மின்சாரம் பூஜ்யத்தைக் கடக்கும் சிக்னல்). எந்த எண்ணில் நிற்கிறதோ அதற்கு அடுத்ததைத் தேடுங்கள்.

* * *

மேலே சொன்னதோடு கழுவும் முறையையும் சேர்க்கிறேன். இதில்தான் நல்ல போர்டுகள் வீணாகின்றன.

நிக்கல் காட்மியம், ஆல்கலைன் இரண்டிலிருந்தும் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காரம், அமிலம் இல்லை. கார் பேட்டரிக்குச் செய்கிற பழக்கத்தில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றுகிறார்கள். காரத்தின்மேல் இன்னொரு காரத்தை ஊற்றி என்ன பயன்? இதற்கு வேண்டியது வெள்ளை வினிகர். வினிகர் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு பெரும்பாலும் கார்பனேட். வினிகர் பட்டதும் நுரைக்கும். நுரை வரும் இடமெல்லாம் உப்பு இருக்கும் இடம். கண்ணுக்கு எதுவும் தெரியாத மூலையில் நுரை வந்தால் அங்கேயும் கசிவு போயிருக்கிறது என்று அர்த்தம். நுரை அடங்கும்வரை புதுக் கலவை ஊற்றித் தேயுங்கள்.

அடுத்து டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை கழுவி, கடைசியாக 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு ஈரத்தை விரட்டுங்கள். வினிகரை அப்படியே காயவிட்டால் அதுவே செம்பில் புதுக் களிம்பு ஏற்றும்.

வினிகர் அரிப்பை நிறுத்துமே தவிர, அரித்ததைத் திருப்பித் தராது. சாம்பல் நிறத்தில் மங்கிப்போன ஈயத்தையும் கறுத்த செம்பையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். 220 உப்புத்தாளில் தொடங்கி 400இல் முடியுங்கள். குறுகலான இடத்துக்கு ஃபைபர் கிளாஸ் பேனா. இளஞ்சிவப்பாகச் செம்பு பளிச்சிடும்வரை தேய்க்க வேண்டும். பச்சை மாஸ்க்கின் (போர்டின் மேல்பூச்சு) கீழே டிராக் (செம்புக் கோடு) கறுத்திருந்தால் நல்ல நிறம் வரும்வரை மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டே போங்கள். களிம்பு தெரியும் இடத்தோடு நிறுத்துகிற போர்டு ஒரு வருடத்தில் திரும்பி வரும். இந்தத் தூசியில் ஈயமும் காட்மியமும் இருக்கும். முகமூடி, கையுறை இல்லாமல் தேய்க்கக் கூடாது.

* * *

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. முதலில் பாகங்களைக் கழற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள், வினிகர் என்ற வரிசையைப் பலர் சொல்கிறார்கள். தொடங்கும் முன்பே ஒருமுறை லேசாக வினிகர் கழுவல் கொடுப்பது நல்லது. உப்பு மூடிய ஈயத்தின்மேல் 350 டிகிரி சோல்டரிங் அயர்னை வைத்தால் அது உருகாது, புகைதான் வரும். அழுத்தி அழுத்திச் சூடேற்றினால் பேட் (பாகத்தின் கால் பற்றவைக்கும் செம்பு வளையம்) உரிந்துவிடும். ஃபிளக்ஸ் தடவி, புது 63/37 ஈயத்தைச் சேர்த்து உருக்கினால் பழையதும் சேர்ந்து இளகும். ஐசியை முழுதாகக் காப்பாற்ற முயலாதீர்கள். கால்களை வெட்டி, ஒவ்வொரு காலாக இழுத்தால் போர்டு பிழைக்கும்.

சாக்கெட்டையும் விடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும் 40 பின் சாக்கெட்டைக் கழற்றித் திருப்பினால், ஒவ்வொரு துளையின் அடியிலும் பச்சை வளையம் கட்டியிருக்கும். பின்களின் கவ்வும் நாக்கு கறுத்து, தொட்டாலே உதிரும். மெஷின் பின் சாக்கெட் போடுங்கள். போர்டு இருபக்க டிராக் உள்ளது. துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு அரித்துப்போயிருந்தால் இரண்டு பக்கமும் ஈயம் வைக்க வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் இரு முனைக்கும் மீட்டரில் ‘பீப்’ பார்த்துவிட்டுத்தான் பவர். வெறுமையாக நிற்கும் செம்பை மெல்லிய ஈயப் பூச்சால் மூடுங்கள், இல்லையென்றால் யுவி சோல்டர் மாஸ்க்.

* * *

வயரைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! கசிவு போர்டோடு நிற்காது. கனெக்டர் வழியாக வயருக்குள் ஏறும், திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி. உறையைச் சீவிப் பார்த்தால் செம்பு இழைகள் கறுப்பாக இருக்கும். அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போய், அங்கே புது வயர் சேர்க்க வேண்டும். மோலெக்ஸ் ஹவுசிங்கும் புதிது, உள்ளே ட்ரைஃபர்கான் (மூன்று பக்கம் கவ்வும்) டெர்மினல், போர்டில் ஹெடர் பின்னும் புதிது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும்.

வில்லியம்ஸ் நிறுவனத்தின் சிஸ்டம் 3 முதல் 7 வரையான போர்டுகளில் இதே கதை வேறு இடத்தில். அங்கே மூன்று ஏஏ ஆல்கலைன் செல்கள். எம்பியுவையும் டிரைவர் போர்டையும் இணைக்கும் 40 பின் கனெக்டருக்குள் கசிவு போனால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. பின்னைச் சுரண்டிச் சமாளிப்பதெல்லாம் தற்காலிகம்தான். இரு பக்கமும் மாற்றுங்கள்.

* * *

1990களின் வில்லியம்ஸ் டபிள்யுபிசி போர்டில் அறிகுறியே வேறு. சிபியு நன்றாக ஓடும். ஸ்விட்ச்கள்தான் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும். ‘கிரவுண்ட் ஷார்ட் ரோ’ என்று டிஸ்பிளேயில் வரும். செல்லுக்குக் கீழே ஸ்விட்ச் மேட்ரிக்ஸ் பகுதி (ஸ்விட்ச்களை வரிசை வரிசையாகப் படிக்கும் சர்க்யூட்) இருப்பதுதான் காரணம்: யு20 (யுஎல்என்2803), யு18, யு19 (எல்எம்339). மெஷினை அணைத்து, ஜே206 முதல் ஜே209 வரை ஸ்விட்ச் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, மெஷினை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். செய்தி அப்படியே இருந்தால் கோளாறு போர்டில்தான். பிளேஃபீல்டுக்கு (பந்து ஓடும் பலகை) கீழே தேட வேண்டாம்.

* * *

காட்லீப் நிறுவனத்தின் சிஸ்டம் 1 மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அதில் ராக்வெல் சிப்கள். அவற்றின் தயாரிப்பு நின்று பல காலம் ஆகிறது. போர்டு பாதிக்கு மேல் அரித்திருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், மாற்றுப் போர்டு வாங்கிப் போட்டுவிட்டு, பழைய போர்டிலிருந்து வேலை செய்யும் சிப்களைப் பத்திரப்படுத்துங்கள். யாரோ ஒருவரின் மெஷின் அதனால் உயிர் பெறும்.

* * *

சரிசெய்த போர்டில் மறுபடி எதைப் போடுவது?

பாலி போர்டு பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்பும். சார்ஜ் ஏற்றக்கூடாத லித்தியம் செல்லையோ ஆல்கலைனையோ நேராக வைத்தால் வெடிக்கலாம், குறைந்தபட்சம் மறுபடி கசியும். பாசிட்டிவ் வயரில் ஒரு டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கட்டாயம். கோடு போட்ட முனை போர்டைப் பார்த்திருக்க வேண்டும். ஏஏ மூன்று என்றால் 1என்5817 போதும். சிஆர்2032 காயின் செல்லுக்கு 1என்4148 நல்லது. 1என்5817இல் வோல்டேஜ் இழப்பு குறைவுதான், ஆனால் திரும்பிக் கசியும் கரண்ட் அதிகம். 3 வோல்ட்டில் 0.6 போனாலும் 5101 நினைவில் வைத்திருக்கத் தேவையான 2 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும்.

வில்லியம்ஸ் போர்டில் டையோடு ஏற்கெனவே இருக்கிறது, அது ஷார்ட் ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். செல்களை எடுத்துவிட்டு மெஷினைப் போட்டு, ஹோல்டர் முனைகளில் மீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 5 வோல்ட்டுக்கு நெருங்கிக் காட்டினால் அந்த மெஷின் தன் செல்களைத் தானே சார்ஜ் ஏற்றிக் கசியவைத்துக்கொண்டிருக்கிறது.

எந்தச் செல்லானாலும் ஹோல்டரை வயர் போட்டு வெளியே இழுத்து, எல்லாப் போர்டுக்கும் கீழே, பேக்பாக்ஸின் (போர்டுகள் இருக்கும் மேல்பெட்டி) அடியில் வையுங்கள். பாலியில் 1 ஃபாரட், 5.5 வோல்ட் மெமரி கெபாசிட்டர் போடலாம். போர்டே அதைச் சார்ஜ் செய்துகொள்ளும், மாதம் ஒருமுறையாவது மெஷினை ஓட்டினால் போதும்.

டபிள்யுபிசியில் ரேம் இருந்த இடத்தில் சாக்கெட் வைத்து என்வி ரேம் (பவர் இல்லாமலே நினைவில் வைக்கும் சிப்) போட்டால் செல்லே தேவையில்லை. ஸ்கோரும் செட்டிங்கும் நிற்கும். கடிகாரம் மட்டும் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் நேரத்தை இழக்கும், ஏனென்றால் அது ரேமில் இல்லை, ஏசிக் என்ற தனிப்பயன் சிப்புக்குள் இருக்கிறது. நேரம் வேண்டும் என்பவர்கள் போர்டுக்கு வெளியே லித்தியம் ஏஏ வைத்து, எந்தத் தேதியில் போட்டோம் என்று ஹோல்டரிலேயே எழுதி ஒட்டுங்கள்.