புதுப்பிப்பு: சாவி திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும் – கோளாறு எர்த் ஒயரில்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பேட்டரி 12.6 வோல்ட் காட்டியும் டீசல் காரில் ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) சுற்றவில்லை என்று கேட்டிருந்தேன். ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் வோல்டேஜ் டிராப் (ஒயரில் வழியிலேயே வீணாகும் வோல்ட்) பாருங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். சாவியைத் திருப்பிப் பிடித்தபோது 4.1 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. பாசிட்டிவ் பக்கம் 0.2 தான்.

எர்த் ஒயர் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர்) பார்வைக்குப் புதுசு. லக் (ஒயர் நுனியில் போல்ட் மாட்டும் உலோகத் துண்டு) அருகே உறையைக் கீறினால் பச்சைப் பொடி, நாலைந்து இழைதான் மிச்சம். மீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்துப் பார்த்தால் இது சிக்காது. ஒற்றை இழை இருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். எதிர்பாராதது: கிளட்ச் கேபிள் சூடாகிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம், எர்த் ஒயரில் போக முடியாத கரண்ட் அதன் வழியே போயிருக்கிறது. 35 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டு, பாடியில் பெயிண்டைச் சுரண்டி முறுக்கியதும் டிராப் 0.15 வோல்ட். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது.