பூனைக் குடும்பத்துக்கு ஏழு வாரம் இடம் வேண்டும்

பெங்களூரு அல்சூரில் வீட்டு மாடியறையில் கையால் சோப்பு செய்து விற்கிறேன். கட்டிகளை உலர்த்தும் அலமாரிக்கு அடியில், பழைய வேட்டி கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு தெருப்பூனை நான்கு குட்டிகள் போட்டுவிட்டது. இன்று 11-ஆவது நாள். கடைக்குட்டிக்கு ஒரு கண் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. தாய் என்னைப் பார்த்துச் சீறுவதில்லை. என் அம்மாவைக் கண்டால்தான் ஆகாது.

சிக்கல் என் தொழில்தான். காஸ்டிக் சோடாவைக் கரைக்கும்போது எழும் ஆவி நமக்கே மூச்சை அடைக்கும். சோப்பில் சேர்க்கும் டீ ட்ரீ எண்ணெயோ பூனைக்கு நஞ்சு. அதனால் வேலையை நிறுத்திவிட்டேன். ஊற்றிய சோப்பு பதப்பட 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதால், தீபாவளி ஆர்டருக்கு இந்த வாரமே தொடங்கியாக வேண்டும்.

அல்சூர், மர்பி டவுன், இந்திராநகர் பக்கம் யாரிடமாவது ஆள் நடமாட்டமில்லாத அறை இருக்கிறதா? குட்டிகள் 8 வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். தீனி, மணல், பிறகு தாய்க்குக் கருத்தடை, எல்லாம் என் செலவு. தாய் மிரளாமல் இடம் மாற்றுவது எப்படி என்றும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தெருவில் விடச் சொல்லாதீர்கள். அதை வீட்டு உரிமையாளரே தினமும் சொல்கிறார்.