4, 17 இரண்டும் உள்ள நிரைகளை மட்டும் எடுப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். என்னிடம் 3 நிரல்கள், 2,00,000 நிரைகள் கொண்ட அணி (மேட்ரிக்ஸ்) இருக்கிறது. ஒவ்வொரு நிரையும் ஒரு முக்கோணம். உள்ளே இருப்பவை அதன் முனைகளின் எண்கள். 4, 17 இரண்டும் சேர்ந்து வரும் நிரைகள் வேண்டும். எந்த வரிசையில் இருந்தாலும் சரி: [4 9 17], [17 2 4] இரண்டுமே கிடைக்க வேண்டும்.

முதலில் இஸ்மெம்பர் (ஒவ்வொரு எண்ணும் நாம் தேடும் எண்களில் ஒன்றா என்று பார்த்து 1 அல்லது 0 தரும் கட்டளை) போட்டு, நிரைவாரியாகக் கூட்டி, 2 வந்தவற்றை எடுத்தேன். அப்புறம் பார்த்தால் [4 4 8] என்ற பழுதான நிரையும் உள்ளே வந்திருக்கிறது! 4 இரண்டு முறை இருப்பதால் கூட்டுத்தொகை 2 ஆகிவிடுகிறது. இப்போது 4-க்குத் தனியாக, 17-க்குத் தனியாக 'எனி' (ஒரு இடத்திலாவது இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டு, இரண்டையும் 'அண்ட்' செய்கிறேன். (எனியில் பரிமாணம் 2 என்று கொடுக்காவிட்டால் நிரல்வாரியாகப் பார்த்துவிடும், கவனம்.) விடை சரியாக வருகிறது.

ஆனால் இப்படி 5,000 ஜோடிகளைத் தேட வேண்டும். ஃபார் லூப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் முழு அணியையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் ரொம்ப மெதுவாக ஓடுகிறது. முக்கோணங்களின் விளிம்புகளை எல்லாம், சிறிய எண் முதலில் வரும்படி, தனிப் பட்டியலாக்கி, இஸ்மெம்பரை 'ரோஸ்' (முழு நிரையாக ஒப்பிடச் சொல்லும் விருப்பம்) கொடுத்து ஒரே முறை ஓட்டினால் போதுமா? ஒரே விளிம்பு இரண்டு முக்கோணங்களில் இருந்தால் இரண்டும் கிடைக்குமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.