போன் இருந்தும் தனி பிளேயரில் பாட்டு கேட்கிற மும்பைக்காரர்களே, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

கல்யாண் ஃபாஸ்ட்

நானே ஆரம்பிக்கிறேன். மூணு மாசமா மனசுல கிடக்கு.

ஐபாட் கிளாசிக், 160 ஜிபி, 2009ல வந்த மாடல். இன்னும் ஏன் அதுன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. டோம்பிவிலியில ஏறி தாதர்ல இறங்குறவன். பிளேயர் சட்டைப் பையில, வயர் காலருக்குள்ள. தாணேயில ஏறுற கூட்டம் தெரியுமில்ல? ஒருத்தரோட பை வார் வயர்ல மாட்டி பிளேயரையும் சேர்த்து வெளிய இழுத்துடுச்சு. பாதியில ஜாக் கழண்டுது. கீழ 'டங்'னு ஒரு சத்தம். கையைக்கூட மடக்க முடியாத நெரிசல், எங்க குனியறது? கதவு நாலு ஆள் தள்ளி. யாராவது ஒரு உதை விட்டா தண்டவாளத்துக்குப் போயிடும்.

அப்பதான் முன்னாடியிலேர்ந்து ஒரு குரல்: "மில் கயா, பைர் கே நீச்சே ஹை. டென்ஷன் மத் லோ." கிடைச்சிடுச்சு, காலுக்குக் கீழ இருக்கு, டென்ஷன் ஆகாதீங்கன்னு.

காட்கோபர் வரைக்கும் அப்படியே நின்னார். வண்டி ஆடும்போது ரெண்டு பேர் நடுவுல ஒரு சந்து திறக்கும், அதுல அவர் கால் மட்டும் தெரியும். பழுப்புத் தோல் செருப்பு, கட்டைவிரல் வார் அறுந்து சிவப்பு நூல்ல தைச்சிருந்தது. அவர் பிளேயரை மிதிக்கல. குதிகாலைத் தரையில ஊன்றி, முன்பாதத்தை அதுக்கு மேல கூரை மாதிரி தூக்கிப் பிடிச்சிருந்தார். அந்த நெரிசல்ல, ஒத்தைக் குதிகால்ல, அவ்வளவு தூரம்.

காட்கோபர்ல மெட்ரோவுக்கு இறங்குற கூட்டத்துல கொஞ்சம் காத்து வந்துது. ஒரு கை மேல எழும்பிச்சு, பிளேயர் மூணு பேர் கை மாறி என்கிட்ட வந்துது. நான் தலையைத் தூக்கிப் பார்க்குறதுக்குள்ள அவர் இறங்கிட்டார். முகம் பார்க்கல. நன்றி சொல்லல.

ஜாக்கைச் செருகி பட்டனை அமுக்கினேன். வயர் கழண்டா பாட்டு தானா நின்னுடும் இதுல. சரணத்துல எந்த வார்த்தையில நின்னுதோ அங்கேர்ந்தே பாடிச்சு. உள்ள பழைய 1.8 இஞ்ச் ஹார்ட் டிஸ்க் சுத்திக்கிட்டு இருந்திருந்தா அந்த 'டங்'லயே கதை முடிஞ்சிருக்கும். போன வருஷம்தான் லாமிங்டன் ரோட்ல அதைக் கழட்டிட்டு எஸ்டி கார்டு போட்டேன்.

வாஷி நைட் ஷிஃப்ட்

ஐரோலிப் பக்கம் ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். கேமரா இருக்குன்னு ஃப்ளோருக்குள்ள போன் விடமாட்டாங்க. சிம் இல்ல, கேமரா இல்ல, இதை விடுவாங்கன்னு நம்பி சோனி வாக்மேன் வாங்கினேன். முதல் நாளே கேட்ல நிறுத்திட்டாங்க. உள்ள மெமரி இருக்கு, பென்டிரைவ் மாதிரிதான்னு செக்யூரிட்டி சொன்னார். யோசிச்சா அவர் சொன்னது சரிதான். காக்கிக் கவர்ல போட்டு ஒட்டி, என் கையெழுத்தை வாங்கி டிராயர்ல வச்சார். ஆஃப் பண்ணாம குடுத்துட்டேன்.

காலையில திரும்பி வாங்க வர்றேன். கவர் அவரோட மஃப்ளருக்குள்ள சுத்தியிருக்கு. "சாப், ராத்திரி பூரா உள்ள பாடிக்கிட்டே இருந்துச்சு. கவரைக் கிழிக்க எனக்கு அனுமதி இல்ல, நிறுத்தவும் தெரியல" அப்படின்னார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நாலு மணி சுமாருக்கு ஒரு பொம்பளைக் குரல் வந்துதே, கூட வாத்தியம் எதுவும் இல்லாம. அது யாரு?"

எனக்குத் தெரியல. ஷஃபிள்ல 3,000 பாட்டு. எது எப்ப ஓடிச்சுன்னு என் மாடல் குறிச்சு வைக்கிறதில்ல. பாஷை தெரியாத ஒரு மனுஷன், ஒட்டின கவர் வழியா, ராத்திரி நாலு மணிக்குக் கேட்ட பாட்டு. அடுத்த வாரம் அவரை வேற பில்டிங்குக்கு மாத்திட்டாங்க. வாத்தியம் இல்லாம ஆரம்பிக்கிற பாட்டு ஒவ்வொண்ணா இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். விருத்தமா, தாலாட்டா, பாட்டுக்கு முன்னாடி வர்ற ஹம்மிங்கா? பதினொண்ணு வரைக்கும் குறைச்சிருக்கேன்.

முலுண்ட்காரன்

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுறீங்க, ஒரு மாற்றுக் கருத்து சொல்லிக்கிறேன். கல்யாண் ஃபாஸ்ட், அந்தக் கூட்டத்தில் வயர் போட்டுக்கொண்டு நிற்பதே தவறு. பிளேயர் போனது பிரச்சினையில்லை, வயர் உங்கள் கழுத்தில் சிக்கியிருந்தால்? ப்ளூடூத் போடுங்கள், போனைப் பையில் வையுங்கள். ஒலித்தரம்தான் வேண்டுமென்றால் போனில் வயர் இயர்போன் மாட்ட உதவும் டைப்-சி டாங்கிள் ஒன்று போதும். நல்ல டாங்கிளுக்கும் நடுத்தர பிளேயருக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு வித்தியாசம் சொல்லச் சொன்னால் இங்கே பாதிப் பேர் திணறுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பிளேயர்காரர்கள் யாரும் பேசாதது. லோக்கல் வண்டி இரைச்சலை மீறிக் கேட்க எல்லாரும் சத்தத்தை ஏற்றுகிறோம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 ஆனால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டோம்பிவிலியிலிருந்து போக ஒரு மணி, வர ஒரு மணி. திங்கள், செவ்வாயிலேயே அந்த 4 மணி தீர்ந்துவிடும். காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை உள்ள இயர்போன் வாங்குங்கள், பாதிச் சத்தத்திலேயே கேட்கும். பிளேயருக்குக் கொட்டும் பணத்தை அதில் போடலாம்.

சம்பவம் கேட்டீர்கள், இருக்கிறது. போன வருடம் தாதரிலிருந்து சென்னை வண்டி. ஆப்பில் 200 பாட்டு இறக்கி வைத்திருந்தேன். கர்ஜத் தாண்டி மலையேறும்போது சிக்னல் போனது. சரியாக அந்த நேரத்தில் சந்தாவைச் சரிபார்க்க நெட் வேண்டும் என்று ஆப் பூட்டிக்கொண்டது. இறக்கி வைத்த பாட்டுத்தான், ஆனாலும் பாடாது. எதிர் சீட்டில் கல்லூரிப் பையன் ஒருவன், கையில் நகம் அளவு திரையுள்ள பழைய பிளேயர். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காதை என்னிடம் நீட்டினான். குகைக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவான், வெளியே வந்ததும் குறைப்பான், திரையைப் பார்க்காமலே, பெருவிரலால். லோனாவ்லா வரை ஒரு குகைகூடத் தவறவில்லை. அந்தப் பெருவிரல்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. போனில் அப்படிச் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டுங்கா மாமி

எங்காத்து விஷயம் பிளேயராலயா ஃபைலாலயான்னு எனக்கு இன்னும் புரியலை, தெரிஞ்சவா சொல்லுங்கோ.

அப்பாவுக்கு 84 வயசு. அந்தக் காலத்துல இங்க பஜனைக்கெல்லாம் மிருதங்கம் வாசிச்சவர். கண் சரியாத் தெரியறதில்லை, போன்ல எதையோ தொட்டு எங்கேயோ போயிடறார். அதனால பட்டன் வெச்ச சின்ன பிளேயரா வாங்கிக் கொடுத்தேன். அவரோட கேசட்டையெல்லாம் அண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்தி, எம்பி3 ஆக்கி, ராகம், தானம், பல்லவி, மிருதங்கத் தனின்னு வெட்டி வெட்டிப் போட்டுக் கொடுத்தான்.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா ஊஞ்சல்ல. பல்லவி போயிண்டிருக்கு, தொடையில தாளம். பல்லவி முடிஞ்சு மிருதங்கம் எடுக்கணும், அடுத்த அடிக்கு அவர் கை மேல எழும்பித்து. பிளேயர் நின்னுது. அரை செகண்டுதான். கை காத்துல அப்படியே நிக்கறது. அப்புறம் தனி ஆரம்பிச்சுது, ஆனா சமம், அதான் தாளத்தோட முதல் அடி, தள்ளிப் போயிடுத்து. கையைக் கீழ இறக்காமயே "யாரோ வெட்டிட்டா"ன்னார். அன்னிலேர்ந்து அந்தக் கச்சேரியைப் போடச் சொல்லலை. கடைல கேட்டா எல்லா பிளேயரும் அப்படித்தான்கறான். போன்லயும் போட்டுப் பார்த்தேன், அதே இடத்துல சின்னதா ஒரு வெட்டு.

எஸ்டி கார்டு

என் கதை ரெண்டு வரி. பிளாட்பாரக் கடையில் 512 ஜிபி கார்டு 700 ரூபாய்க்கு வாங்கினேன். ஊரில் பாட்டி பாடின நலங்குப் பாட்டு உட்பட எல்லாம் ஏற்றினேன். பெயர் எல்லாம் திரையில் வந்தது, முதல் 30 ஜிபிக்கு அப்புறம் எதை அமுக்கினாலும் மௌனம். நலங்கு அந்தப் பக்கம் இருந்தது. வேறு பிரதி இல்லை.

யாருக்கும் இது நடக்கக்கூடாது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். போலிக் கார்டு கம்ப்யூட்டரிடம் 512 என்று பொய் சொல்லும். உள்ளே இருக்கும் நிஜ இடம் நிரம்பியதும், எழுதுவதுபோலக் காட்டி எதையும் எழுதாது, அல்லது பழையதன் மேலேயே எழுதும். அதனால் வாங்கியதும் ஒரு பாட்டுகூட ஏற்றாமல் முழுக் கார்டையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவச மென்பொருள். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள்.

அடுத்து, 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில்தான் (ஃபைல்களை அடுக்கும் முறை) வரும். பழைய பிளேயர் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் மட்டும்தான் புரியும். கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், ஃபேட்32 ஆக மாற்றிப் பாருங்கள். பழைய விண்டோஸ் 32 ஜிபிக்கு மேல் அந்த வாய்ப்பையே காட்டாது, தனி மென்பொருள் வேண்டும். மலிவு பிளேயர்கள் 01, 02 என்று நீங்கள் போட்ட எண்ணை மதிக்காமல், கார்டில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். ஒவ்வொன்றாக வரிசையில் ஏற்றுங்கள். பிளேயரை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு வையுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, அழுத்தியும் பார்க்கக்கூடாது.

மாமி, உங்கள் விஷயம்: பிளேயரும் காரணம், ஃபைலும் காரணம். எம்பி3 பாட்டை 1152 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) கொண்ட கட்டம் கட்டமாகத்தான் அடைக்கும். கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். அதைக் கழித்துப் பாடத் தெரிந்த பிளேயர்கள் உண்டு. தெரியாத பிளேயரில், அடுத்த ஃபைலைத் திறக்கும் நேரமும் சேர்ந்து உங்கள் அரை செகண்டு வருகிறது. புது பிளேயர் வாங்க வேண்டாம். வெட்டுவதற்கு முன் இருந்த முழுப் பதிவு அண்ணாவிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வெட்டாமல் ஒரே ஃபைலாக ஏற்றினால் போதும். இல்லையென்றால் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் துண்டுகளை ஒட்டி, இணைப்பில் இருக்கும் மௌனத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து நீக்கலாம். தாளம் ஓடும் இடம் என்பதால் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காதால் கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கல்யாண் ஃபாஸ்ட்

முலுண்ட்காரன் அண்ணா, கழுத்து விஷயம் சரி. இப்ப வயரைச் சட்டைக்குள்ள விட்டுக்கிறேன். ஆனா ப்ளூடூத் போட்டா பாட்டை மறுபடியும் சுருக்கித்தான் காதுக்கு அனுப்பும், என் கிளாசிக்ல ப்ளூடூத்தே கிடையாது. அதோட போன்னா ஆஃபீஸ் கால் வரும். குர்லா தாண்டுறதுக்குள்ள நாலு மெசேஜ். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேணும். 2014ல கிளாசிக்கை நிறுத்தினாங்க, 2022ல ஐபாட்ங்கிற பேரே முடிஞ்சுது. உதிரி பாகம் கிடைக்கிற வரைக்கும் இதை ஓட்டுவேன்.

சயான் அப்பா

என்னுடையது எழுத்து சம்பந்தப்பட்டது. பாட்டுப் பெயர், ஃபோல்டர் பெயர் எல்லாம் தமிழிலேயே வைப்பேன். என் பிளேயர் தமிழ் காட்டும், ஆனால் கொம்பு இடம் மாறும். 'கே' என்றால் கணினிக்குள் முதலில் 'க', அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிப்பு. அதைத் திரையில் முன்னால் தள்ளிப் போடுவது காட்டுகிற மென்பொருளின் வேலை. இதற்கு அந்தத் திறமை இல்லை. எனக்குப் பழகிவிட்டது, கண் தானாகத் திருத்திக்கொள்ளும்.

மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் தமிழ் கிடையாது, வீட்டில் அவள் அம்மா சொல்லிக் கொடுக்கிறாள். ஜூலை மாதம், வெளியே ஊற்றுகிறது, தண்டவாளத்தில் தண்ணீர், எல்லாரும் வீட்டில். மழைப் பாட்டாகச் சேர்த்து 'மேகம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். அவள் பிளேயரை மடியில் வைத்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்தாள். "அப்பா, மகேம்னா என்ன?"

திரையில் இருந்தது அப்படித்தான். அவள் சரியாகத்தான் படித்தாள். இரட்டைக் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்கிறது, 'கே' என்றுதானே படிப்பாள்? கொம்பு இடம் மாறியிருப்பதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். மறுநாள் அவள் நோட்டில் பார்க்கிறேன், வானம், மழை, மகேம். கீழே நீல மேகம் வரைந்திருக்கிறாள்.

பெயரையெல்லாம் ஆங்கில எழுத்துக்கு மாற்று என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் அவள் தானாக எடுத்துப் படிக்கிற தமிழே அந்தத் திரையில்தான் இருக்கிறது. தமிழைச் சரியாகக் காட்டும் பிளேயர் யாரிடமாவது இருந்தால் மாடலைச் சொல்லுங்கள். வாங்கும் முன் கடையில் 'மேகம்', 'கொடி', 'பௌர்ணமி' மூன்றையும் போட்டுப் பாருங்கள், அது போதும்.

வாஷி நைட் ஷிஃப்ட்

சயான் அப்பா, என் வாக்மேன் ஆண்ட்ராய்டு மாடல், போன் மாதிரியே தமிழ் சரியா காட்டுது. 'பௌர்ணமி' போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை சயான் பக்கம் வருவேன், பாப்பாவுக்குக் காட்டலாம்.

மாட்டுங்கா மாமி

எஸ்டி கார்டு தம்பி, அண்ணாகிட்ட முழுப் பதிவு இருந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்ட இடம் மட்டும்தான் வெட்டு, அது ஆலாபனை நடுவுல, பரவாயில்லை. நேத்து அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாம போட்டு விட்டேன். பல்லவி முடியற இடம் நெருங்க நெருங்க அவர் கை மெதுவாயிடுத்து. தொடைமேல விரலை மடக்கி வெச்சுண்டு காத்திண்டிருந்தார், நிக்கப்போறதுன்னு. நிக்கலை. மிருதங்கம் எடுத்துடுத்து. இவர் ஒரு அடி தாமதமாப் போய்ச் சேர்ந்துண்டார்.

"மறுபடி போடு, நான் விட்டுட்டேன்"னார்.