சிகரெட்டை நிறுத்த நாள் குறித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஓசித்தீப்பெட்டி:
வயது 34. ஒரு நாளைக்கு எட்டு, வேலை கழுத்தை நெரித்தால் பன்னிரண்டு. உடம்புக்கு ஒன்றும் இல்லை, இருமல்கூட இல்லை. போன வாரம் என் நாலு வயது மகள் கலர் பென்சிலை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, பால்கனியில் போய் நின்று, ஊதி, கடைசியில் பூந்தொட்டியில் சாம்பல் தட்டுவது வரை அப்படியே என்னைச் செய்துகாட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், மனைவி சிரிக்கவில்லை. விடுவது என்று முடிவு. எப்போது என்பதுதான் குழப்பம். கார்த்திகை 1 மாலை போடுவேன், அன்றே நிறுத்திவிடலாமா? இப்போது ஆடிதான் நடக்கிறது.

முன்னாள்சாமி:
தம்பி, ஐந்து வருஷம் மாலை போட்டவன் சொல்கிறேன். 48 நாளும் தொட மாட்டேன், பெரிய தவிப்பும் இருக்காது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய கால் மணி நேரத்தில் தெருமுனைக் கடையில் நிற்பேன். முடியும் தேதி தெரிந்துதானே பொறுத்துக்கொண்டிருந்தேன்! நிஜமாக விட்டது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. நான் ரோட்டைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் ஒன்றை உருவி நீட்டிவிட்டார், நான் கேட்கவே இல்லை. என்னமோ கூச்சமாகிவிட்டது. டீ மட்டும் போதும் என்றேன். ஆறு வருஷம் ஆகிறது.

நைட்டிங்கேல்_மதுரை:
முன்னாள்சாமி சொல்வது அதிசயமில்லை. 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், விட முயன்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நாளே குறிக்காமல் திடீரென நிறுத்தியவர்கள், அவர்கள்தான் அதிகமாகத் தாக்குப்பிடித்தார்கள். அதற்காக மனசு வரட்டும் என்று உட்காராதீர்கள். நாள் குறித்தால் இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். முதல் மூன்று நாள்தான் படுத்தும், சிடுசிடுப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். சாதா சூயிங்கம் மாதிரி மெல்லாதீர்கள், விக்கல் வரும். காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று போட்டிருக்கிறதே, அது புகையை விட உதவுகிற ஹெல்ப்லைன், இலவசம்.

ஓசித்தீப்பெட்டி:
தினமும் பார்க்கிற பாக்கெட், நம்பரைக் கவனித்ததே இல்லை. சரி, வரும் சனிக்கிழமை. இரண்டு நாள் ஆபீஸ் இல்லை, அந்த டீக்கடை கோஷ்டியும் இருக்காது. மாலையைக் கார்த்திகையில் போட்டுக்கொள்கிறேன். அந்த நம்பரில் தமிழில் பேசுவார்களா?

நைட்டிங்கேல்_மதுரை:
பேசுவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிட்டுவிடுங்கள், சனிக்கிழமை உங்களுக்குப் போனை எடுக்கிற பொறுமைகூட இருக்காது.